மிளகு போன வழி, முனியறை நின்ற மேடு
அஞ்சுநாடும் பாலக்காட்டுக் கணவாயும் பண்டைய எகிப்தும்: ஆய்வுகள் வந்து நிற்கும் இடம்

மறையூர் கோவில்கடவில், பாம்பாற்றை ஒட்டிய பாறைமேட்டில் முனியறைகள் நிற்கின்றன. மூன்று பக்கமும் கருங்கல் பலகைகள், மேலே மூடுகல், நான்காம் பக்கம் திறந்த வாய். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. குனிந்து நுழைந்து உட்காரலாம். பாண்டவர் வனவாசத்தில் தங்கிய இடம் என்பது, மறையூர் உள்ளிட்ட ஐந்தூர்களைக் கொண்ட அஞ்சுநாட்டில் வழங்கும் கதை. முனிவர் தவம் செய்த அறை என்பது இன்னொரு கதை. பாடப்புத்தகத்தில் எகிப்தைப் படித்துவிட்டு மேடேறும் பிள்ளைகளுக்கு மூன்றாவதாக ஒன்று தோன்றும்: இது நம்ம ஊர் பிரமிடு.

அந்த மூன்றாவது கதையில் பாதி பிழை, பாதி உண்மை. வடிவத்தை வைத்து ஒப்பிட்டால் எகிப்து நம்மை எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காது. கொடுக்கல் வாங்கலை வைத்துப் பார்த்தால், இந்த மலைக்கும் நைல் ஆற்றுக்கும் இடையே கணக்கோடும் எடையோடும் சான்றுகள் இருக்கின்றன. அந்தச் சான்றுகளை ஒரே பார்வையில் வைத்துப் படிப்பதுதான் இதுவரை சரியாக நடக்கவில்லை. கேரளத்தில் கிடைத்தது கேரள வரலாறாகவும் தமிழகத்தில் கிடைத்தது தமிழக வரலாறாகவும் எழுதப்பட்டதால், நடுவில் கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயும் அஞ்சுநாடும் இரண்டு பக்கத்துக்கும் கடைசி அத்தியாயமாகிவிட்டன.

கல்லும் காலமும்

முதலில் காலக்கணக்கு. சக்காராவில் ஜோசர் மன்னனின் படிப் பிரமிடு கட்டப்பட்டது ஏறத்தாழ கி.மு. 2650இல். கிசாவின் பெரிய பிரமிடு அதற்கு ஒரு நூற்றாண்டு பிந்தியது. தென்னிந்தியப் பெருங்கற்படைச் சின்னங்களில் பெரும்பாலானவை இரும்புக்காலத்தைச் சேர்ந்தவை, பொதுவாக கி.மு. முதல் ஆயிரமாண்டில் வைத்துப் பார்க்கப்படுபவை, கிறிஸ்துவுக்குப் பிந்தைய முதல் சில நூற்றாண்டுகள் வரை நீடித்தவை. அஞ்சுநாட்டில் மூடுகல் ஏற்றப்பட்ட காலத்தில் கிசாவின் பிரமிடே எகிப்தியருக்குப் பழங்காலச் சின்னம். ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று சொல்ல இடமே இல்லை.

வடிவத்தைத் தீர்மானித்ததில் கல்லுக்கும் பெரும் பங்குண்டு. கேரளத்தின் மேற்குத் தாழ்வாரம் செம்புரைக்கல் பூமி. அந்தக் கல் வெட்டும்போது மென்மையாக இருக்கும், காற்றுப் பட்டால் இறுகும். அதனால் அங்கே குடைக்கல்லும் தொப்பிக்கல்லும் பாறையைக் குடைந்த கல்லறைகளும் உருவாயின. பாலக்காட்டுக்கும் மறையூருக்கும் வந்தால் கருங்கல். இந்தப் பாறை வெயிலிலும் மழையிலும் ஏடு ஏடாகப் பிரியக்கூடியது. தீ மூட்டிச் சூடேற்றி மேலேட்டை உரித்தெடுக்கும் முறையைத் தென்னிந்தியக் கல்லுடைப்பாளர்கள் அண்மைக்காலம் வரை கையாண்டார்கள். முனியறைப் பலகைகளும் அப்படி எடுக்கப்பட்டவையாகவே இருக்க வேண்டும். பலகை கிடைக்கும் இடத்தில் கல்திட்டையும் கல்லறைப் பெட்டியும்தான் இயல்பான கட்டுமானம்.

எகிப்தியரும் கல்லுக்கு ஏற்பத்தான் வேலை செய்தார்கள். ஜோசர் பிரமிடின் சுண்ணாம்புக்கற்கள் செங்கல் போலச் சிறிய துண்டுகள். கல்லில் கட்டுவதை அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தார்கள். அஸ்வானின் கருங்கல்லோடு மல்லுக்கு நின்றபோது அதைவிடக் கடினமான டோலரைட் உருண்டைகளால் இடித்து இடித்தே உருவம் எடுத்தார்கள். ஏறக்குறைய 42 மீட்டர் நீளமுள்ள தூண் ஒன்று விரிசல் விட்டதால் கைவிடப்பட்டு அங்கே இன்றும் பாறையோடு பாறையாகக் கிடக்கிறது. அத்தனை பேரை ஒரே கல்லின் முன் உட்கார வைக்கவும் அவர்களுக்குச் சோறு போடவும் ஓர் அரசு வேண்டும். முனியறைக்கு ஓர் ஊர் போதும். இந்த வேறுபாட்டில் உயர்வு தாழ்வு பார்க்க வேண்டியதில்லை. சமூக அமைப்பு எப்படி இருந்தது என்பதைக் காட்டும் அளவுகோல் இது.

இறந்தவருக்கு என்ன கொடுத்தார்கள்

மறையூர் முனியறைகளில் ஒரு சிக்கல் உண்டு. இவை வெறும் பாறையின் மேல் நிற்கின்றன. தோண்டுவதற்குக் கீழே மண் இல்லை. உள்ளே வைத்தது எதுவாக இருந்தாலும் மழையும் மாடும் மனிதரும் எப்போதோ அள்ளிக்கொண்டு போயாயிற்று. கட்டியவர் மனத்தில் என்ன இருந்தது என்று அறிய, அதே ஆற்று வழியில் கொஞ்சம் இறங்கிப் போக வேண்டியிருக்கிறது.

பாம்பாறு கேரளத்தில் பிறந்து கிழக்கே ஓடும் மூன்று ஆறுகளில் ஒன்று. அது சேருமிடம் அமராவதி. அந்த அமராவதிப் படுகையிலேயே, பழனிக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தில் பொருந்தல் இருக்கிறது. பேராசிரியர் கா. ராஜன் 2009இலும் 2010இலும் அங்கே அகழாய்வு செய்தார். ஒரு கல்லறையில் நான்கு கால் கொண்ட சாடி; அதற்குள் ஏறத்தாழ 2 கிலோ நெல். அமெரிக்க ஆய்வகத்தில் காலக்கணிப்புச் செய்தபோது கி.மு. 490 என்று வந்தது. இன்னொரு கல்லறை நெல்லுக்கு கி.மு. 450. தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானைத் தாங்கியும் அங்கே கிடைத்ததால், எழுத்தின் காலம் பற்றிய விவாதமே முன்னுக்கு வந்தது. அந்த விவாதத்தில் நெல் மறைந்துபோயிற்று. இறந்தவரோடு நெல் வைத்த கை எதை நம்பியது என்ற கேள்விதான் பண்பாட்டு ஆய்வுக்கு முதன்மையானது.

எகிப்தில் இந்தக் கேள்விக்கு விடை சுவரிலேயே எழுதியிருக்கிறது. கல்லறைக்குள் ஒரு பொய்க்கதவு. அதன் வழியே இறந்தவரின் உயிர்ச்சக்தி வந்து படையலை ஏற்கும். எத்தனை அப்பம், எத்தனை சாடி பீர், எத்தனை வாத்து என்று பட்டியல் போட்டார்கள். படைக்க ஆளில்லாமல் போனாலும் எழுத்தே படையலாகும் என்பது நம்பிக்கை. மறுமையில் வயல்வேலைக்குக் கூப்பிட்டால் பதிலுக்குப் போக உஷப்தி என்னும் பொம்மைகளையும் கூடவே வைத்தார்கள். பொருந்தலின் நெல்லுக்கு அப்படிப்பட்ட உரை எதுவும் இல்லை. ஆனால் நம்மிடம் வேறொன்று இருக்கிறது: பாட்டு. புறநானூற்றின் 256ஆம் பாட்டில் கணவனை இழந்த பெண், தானும் சேர்ந்து அடங்கும்படி தாழியை அகலமாகச் செய்யக் குயவனிடம் கேட்கிறாள். இறந்தோரை அப்புறப்படுத்தும் வழிகளை மணிமேகலை சுடுதல், இடுதல், தாழியில் கவிழ்த்தல் என்று அடுக்குகிறது. எகிப்தில் கல்லறை தன்னைத் தானே விளக்குகிறது. இங்கே கல்லறை ஓரிடத்தில், உரை வேறிடத்தில். இரண்டையும் சேர்ப்பது ஆய்வாளர் வேலை.

நொய்யல் கரையில் கொடுமணல் இன்னும் பேசும். ஒரே கல்லறையில் 2000க்கு மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்த ஊர் அது. படியூர்ப் பக்கத்து நீலப்பச்சைக் கல்லை அறுத்துப் பட்டை தீட்டித் துளையிட்டார்கள், இரும்பை உருக்கினார்கள். செய்து முடிக்காத மணிகளும் கழிவுச் சில்லுகளும் கிடைத்ததால் பட்டறை இருந்தது உறுதி. ஊரில் செய்த பொருள் ஒரு பங்கு கல்லறைக்கும் ஒரு பங்கு வணிகத்துக்கும் போயிருக்கிறது. மரணமும் சந்தையும் அங்கே ஒரே பட்டறையிலிருந்து சரக்கு எடுத்தன.

செங்காவியும் கட்டமும்

மறையூரின் பாறை ஓவியங்கள் முனியறை அளவுக்குப் பேர் வாங்கவில்லை. ஆட்டாலையிலும், சந்தனக்காட்டுக்குள் இருக்கும் எழுத்துக் குகையிலும் மான் வகைகளும் மனித உருவங்களும் பொருள் பிடிபடாத கோலங்களும் தீட்டப்பட்டிருக்கின்றன. கணவாய்ப் பக்கம் வந்தால், வேலந்தாவளத்துக்கு அருகே குமிட்டிபதியின் பதிமலையில் வெள்ளை நிறத்தில் யானை உருவம். மாநில எல்லைக்கோட்டைக் கொஞ்சம் நகர்த்தியிருந்தால் இது பாலக்காட்டு ஓவியமாகியிருக்கும்.

இவற்றின் வயதைச் சொல்லத் துணிகிறவர்கள் அதிகம், நிறுவியவர்கள் குறைவு. காவியும் வெள்ளைக் களிமண்ணும் கனிமங்கள். கரிமம் இல்லாத நிறத்தைக் கார்பன் முறையில் கணிக்க முடியாது. உருவங்களின் பாணி, ஒன்றன்மேல் ஒன்று வரைந்த அடுக்கு, கையில் இருக்கும் ஆயுதம் இவற்றை வைத்து உத்தேசமாகத்தான் சொல்லலாம்.

எகிப்திய ஓவியத்தில் உத்தேசத்துக்கு வேலை குறைவு. வரையும் முன் சுவரில் நூல் பிடித்துக் கட்டம் போட்டார்கள். நிற்கும் மனிதன் உள்ளங்காலிலிருந்து நெற்றி மயிர்க்கோடு வரை 18 கட்டம். தோள் எங்கே, முட்டி எங்கே என்பதற்கும் கட்டக் கணக்கு உண்டு. அரசர் பள்ளத்தாக்கில் ஹோரெம்ஹெப் மன்னனின் கல்லறை முடிக்கப்படாமல் நின்றதால் வேலை நடந்த விதம் அப்படியே தெரிகிறது: ஒருவர் சிவப்பில் கோடு இழுக்கிறார், மேற்பார்வையாளர் கறுப்பில் திருத்துகிறார், பிறகு சிற்றுளிக்காரர் வருகிறார். அந்தப் பள்ளத்தாக்கில் வேலை செய்தவர்கள் டெயர் எல்-மெடினா என்னும் ஊரில் குடியிருந்தார்கள். மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆட்சியாண்டில் கூலித் தானியம் வரத் தாமதமானதும் வேலையை நிறுத்திக் கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். அந்த வேலைநிறுத்தத்தைக் குறித்துவைத்த பாப்பிரஸ் இன்று டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எழுத்துக் குகையில் மேற்பார்வையாளர் இல்லை, கூலிப் பட்டியலும் இல்லை. வரைந்தவர் மானைப் பார்த்தவர். அதே காட்டில் இன்றும் மான் நடமாடுகிறது. எகிப்திய ஓவியன் மறுமைக்கு ஒரு முறையான உலகத்தை அடுக்கி வைத்தான். மலையின் ஓவியன் யாருக்காக வரைந்தான் என்பது அடுத்து ஆராய வேண்டியது. அதற்கு முதல் வேலை, ஒவ்வொரு உருவத்தையும் அளந்து படியெடுத்து அச்சில் கொண்டுவருவது. சுற்றிப் பார்க்க வந்தவர்கள் சாக்பீஸால் பெயர் எழுதுவதற்கு முன் அது நடக்க வேண்டும்.

நைல் கரையில் நம் மிளகு

இனி உண்மையான உறவு. கி.மு. 1213இல் இறந்த இரண்டாம் ராம்செஸின் பாடம்செய்த உடல் 1976இல் சிகிச்சைக்காகப் பாரிஸுக்குக் கொண்டுபோகப்பட்டது. பரிசோதித்தபோது மூக்கினுள் மிளகு. மிளகுக்கொடியின் தாயகம் மேற்குத் தொடர்ச்சி மலை. எத்தனை கை மாறிப் போனதோ, போன பொருள் நம் காட்டுப் பொருள். இதை நேரடி வணிகத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் மறையூரில் முனியறை எழுவதற்கு முன்பே மலைச்சரக்கு மேற்கே பயணப்பட்டிருந்தது என்பதற்கு இது போதும்.

நேரடி வணிகம் ரோமானியர் எகிப்தைப் பிடித்த பிறகு சூடுபிடித்தது. ரோம வணிகம் என்று நாம் சொல்வதில் முதன்மையான பாதை எகிப்து வழிதான்: அலெக்சாண்டிரியாவிலிருந்து நைலில் படகேறிக் கோப்டாஸ், அங்கிருந்து ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து பெரெனிகே, பிறகு கடல். கோப்டாஸிலிருந்து பெரெனிகேவுக்கு 12 நாள், செங்கடல் முகத்திலிருந்து கேரளக் கரையின் முசிறிக்கு 40 நாள் என்று ரோம எழுத்தாளர் பிளினி கணக்குச் சொல்கிறார். 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழிக் கையேட்டை எழுதியவரும் எகிப்தில் வாழ்ந்த கிரேக்கர்தான்; கப்பல் புறப்பட வேண்டிய காலத்தை எகிப்திய மாதத்தின் பெயராலேயே குறிக்கிறார்.

அந்தக் காலத்து எகிப்தில் பழைய சமயம் செத்துவிடவில்லை. கோயில்கள் எழும்பிக்கொண்டிருந்தன, ஹைரோகிளிஃப் எழுத்தில் கடைசியாகப் பொறித்த கல்வெட்டு ஃபிலே தீவில் கி.பி. 394ஐச் சேர்ந்தது. ரோமப் பேரரசர் திபேரியஸ் ஃபிலேயிலும் டெண்டெராவிலும் பாரோவின் உடையில், பாரோவின் பட்டங்களோடு செதுக்கப்பட்டிருக்கிறார். அதே திபேரியஸின் முகம் பொறித்த வெள்ளிக்காசு 1800 அளவில் பொள்ளாச்சியில் பானையோடு கிடைத்தது. பாலக்காட்டு எல்லைக்கு ஒரு நடை தூரத்தில் புழங்கிய காசுக்காரன், நைல் கரையில் சாமிக்குப் படையல் நீட்டிக்கொண்டு நிற்கிறான்.

பெரெனிகேயில் ஸ்டீவன் சைடுபாதமும் வில்லெகே வெண்ட்ரிச்சும் 1994 முதல் தோண்டினார்கள். செராபிஸ் கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியச் சாடி ஒன்றில் 7.55 கிலோ கருமிளகு. செராபிஸ், எகிப்திய ஒசிரிஸையும் ஏபிஸ் காளையையும் கிரேக்கச் சாயலில் இணைத்த தெய்வம். மூக்கினுள் மிளகு வைத்த நாட்டில், ஆயிரம் ஆண்டு கழித்தும் மிளகு சாமி முற்றத்தில்தான் இருந்தது. தேக்கு மரத்துண்டுகளும், கொற்றன் என்ற பெயர்க்கூறு உள்ள தமிழ் பிராமி ஓடும் அங்கே கிடைத்தன. வடக்கே இன்னொரு செங்கடல் துறையான குசைர் அல்-காதிமில் கிடைத்த ஓடுகளில் கணன், சாதன் என்ற பெயர்கள். பின்னால் அதே ஊரில் 'பானை ஒறி' என்று எழுதிய ஓடு. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னவை இவை. பானையில் உடையவர் பெயரைக் கீறும் பழக்கம் கொடுமணலில் நூற்றுக்கணக்கான ஓடுகளில் தெரிகிறது. செங்கடலில் கீறியவர் அந்தப் பழக்கத்தைக் கையோடு கொண்டுபோனவர்.

வியன்னாவில் இருக்கும் முசிறிப் பாப்பிரஸ் 1985இல் அச்சேறியது. ஒரு பக்கம் கடன் ஒப்பந்தம்: செங்கடல் துறையில் இறக்கி, பாலைவனத்தில் ஒட்டகக்காரரிடம் ஒப்படைத்து, கோப்டாஸில் பூட்டி, ஆற்றில் அலெக்சாண்டிரியாவுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. மறுபக்கம் ஹெர்மாபொல்லோன் என்ற கப்பலின் சரக்கு: கங்கைச் சடாமாஞ்சில் 60 பெட்டி, யானைத்தந்தம், தந்தத் துண்டுகள். நாலில் ஒரு பங்கு வரி. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு கரையில் நின்று சொல்கிறது. பாப்பிரஸ் சுங்கச்சாவடியில் உட்கார்ந்து சொல்கிறது.

கேரளக் கரையில் பட்டணம் என்னும் ஊரின் அகழாய்வு 2007 முதல் நடந்தது. பி.ஜே. செரியான் தலைமையில் கிடைத்த ஆம்பொரா என்னும் சாடிகளின் ஓடுகளுள் எகிப்தில் வனைந்தவையும் உண்டு என்று ரோபர்ட்டா டோம்பர் அடையாளம் கண்டார். 2020இல் கிடைத்த ஸ்பிங்க்ஸ் முத்திரை செய்திகளில் பெரிதாக அடிபட்டது. அது கிரேக்க வகை. கிசாவின் சிங்கத்துக்கும் அதற்கும் தொடர்பு தூரத்துச் சொந்தம். எகிப்தைத் தேடுகிறவர் பார்க்க வேண்டியது உடைந்த ஆம்பொராவின் மண்ணை.

இரண்டு படுகைகள்

மிளகு கப்பலில் விளைவதில்லை. மலையிலிருந்து கரைக்கும், கொடுமணலின் மணி கிழக்கிலிருந்து மேற்குக்கும் வந்த வழி எது? இதில் ஆய்வு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

முதல் வழி எல்லோரும் ஒப்புக்கொள்வது: நொய்யல், வெள்ளலூர், பாலக்காட்டுக் கணவாய், பாரதப்புழை, கடற்கரை. வெள்ளலூரில் பலமுறை ரோமக் காசுப் புதையல். மேற்கு வாயிலில் குன்னங்குளம் அருகே எய்யாலில் 1945இல் ரோமக் காசும் முத்திரைக் காசும் கலந்த புதையல். இரண்டு முனையும் தெரியும். நடுவில் பாலக்காடுதான் வெறுமையாக இருந்தது. 2025இல் இந்தியத் தொல்லியல் துறை மலம்புழை அணையின் நீர்ப்பரப்பிலுள்ள திட்டுகளில் 100க்கு மேற்பட்ட பெருங்கற்படைச் சின்னங்களைப் பதிவு செய்த பிறகு அந்த வெறுமையை இனிச் சாக்காகச் சொல்ல முடியாது. பெரும்பாலும் கல்லறைப் பெட்டிகள். கருங்கல் பலகைகளோடு செம்புரைக்கல்லும் இருக்கிறது. கிழக்கின் கல்லும் மேற்கின் கல்லும் சந்திக்கும் இடத்தில் கணவாய் நிற்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இரண்டாம் வழி பேசப்படாதது: அமராவதி. மறையூரும் பொருந்தலும் கரூரும் ஒரே படுகை. கரூரில் அமராவதி மணலில் ரோமக் காசுகளும் சேரர் காசுகளும் அள்ளினார்கள். சேரர் தலைநகராகப் பலரும் கருதும் ஊரின் தலைப்பக்கத்தில்தான் அஞ்சுநாடு இருக்கிறது. மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்தூரார் தமிழ் பேசுவதும், முன்னோர் மதுரைப் பக்கமிருந்து வந்ததாகச் சொல்வதும் பிற்காலச் செய்தி. ஆனால் உடுமலைக்கு இறங்கும் வழி அவர்களுக்கும் பழையது. முனியறை கட்டியவர்கள் மலைச்சரக்கைக் கீழே இறக்கியவர்களா என்பது இப்போதைக்குக் கேள்விதான்; கேட்கத் தகுந்த கேள்வி.

மலபாரின் பெருங்கற்படைக் கல்லறைகளைப் பற்றி ஜே. பாபிங்டன் எழுதிய குறிப்பு 1823இல் அச்சாயிற்று. இந்தியாவில் இத்துறையின் தொடக்கமே அதுதான். 1948இல் பி.கே. தாப்பர் திருச்சூர் மாவட்டத்துப் போர்க்களத்தில் முறையான அகழாய்வு செய்தார். இருநூறு ஆண்டுப் பழமை உள்ள துறையில் மறையூர் மேட்டுக்கு முழு அளவிலான வரைபடத் தொகுதி தமிழ் வாசகர் கைக்கு எட்டும்படி இல்லை. முனியறைகள் கேரளத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. பாதுகாப்பு என்பது பலகை நடுவதோடு முடிவதில்லை என்பதைச் சரிந்து கிடக்கும் மூடுகற்களே சொல்லும்.

செய்யக்கூடியது என்ன? மலம்புழைத் திட்டுகளில் ஒரு சில கல்லறைகளையாவது நீர் வடியும் மாதங்களில் அகழ்ந்து, தானியமோ கரியோ கிடைத்தால் காலம் கணிப்பது. அங்கே கிடைக்கும் மணிகளைக் கொடுமணல், பட்டணம், பெரெனிகே மணிகளோடு வேதியியல் முறையில் ஒப்பிடுவது. மறையூர், சின்னாறு முனியறைகளையும் பொருந்தல் கல்லறைகளையும் ஒரே அளவுமுறையில் வரைந்து ஒரே தொகுதியாக வெளியிடுவது. இந்த மூன்றுக்கும் இரண்டு மாநிலத் துறைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும். எகிப்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, அங்கே கிடைத்த ஒவ்வொரு துண்டையும் நூறாண்டுக்கு மேலாக எண்ணி வரைந்து பதிப்பித்தவர்களின் உழைப்பால் வந்தது. பொன்னும் பிரமிடும் அதற்குப் பிறகுதான். எகிப்திடமிருந்து இந்த எல்லை நாட்டுக்கு வர வேண்டிய சரக்கு இன்னும் ஒன்று பாக்கி என்றால், அது அந்தப் பதிவு முறைதான்.